2.4, 5, 6 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை: ஸ்மார்ட்போனுக்கு எந்த அலைவரிசையைத் தேர்வு செய்வது?

புதுடெல்லி: அதிவேக இணையத் திட்டத்துக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தியும், ஸ்மார்ட்போனில் காணொலி அழைப்பு பாதியில் நின்றுவிடுவதாகப் பலர் குறைபடுகின்றனர். இணைய சேவை நிறுவனம் வேகத்தைக் குறைத்துவிட்டதாக எண்ணி, மேலும் கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவோரும் உண்டு. ஆனால், வீடு வரை முழு வேகத்தில் வந்து சேரும் இணையம், ரூட்டரிலிருந்து ஸ்மார்ட்போனுக்குச் செல்லும் கடைசிச் சில மீட்டர் தூரத்தில் தடுமாறுவதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தத் தூரத்தை ஸ்மார்ட்போன் எந்த அலைவரிசையில் கடக்கிறது என்பதை அறிந்துகொண்டால், பணம் செலவழிப்பதற்கு முன்பே பழுது எங்கே உள்ளது என்பதைக் கண்டறிய முடியும்.

அலைவரிசைகளுக்குள் என்ன வேறுபாடு?

வைஃபை என்பது ரேடியோ அலைகள் வழியாகத் தரவுகளைக் கடத்தும் தொழில்நுட்பம். வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள வைஃபை கருவிகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ், 6 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அலைவரிசைகளில் இயங்குகின்றன. இவற்றில் முதல் இரண்டும் இந்திய வீடுகளில் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. அவ்விரண்டிலும் இயங்கும் ரூட்டர் ‘டூயல் பேண்ட்’ ரூட்டர் எனப்படுகிறது.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் அது 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை மட்டுமே. பொதுவாக, அதிர்வெண் உயர உயர, சுவர்களையும் கான்கிரீட் தளங்களையும் கடக்கும்போது சிக்னல் அதிகமாக வலுவிழக்கும். எனவே ரூட்டர் இருக்கும் கூடத்தில் சிறப்பாகக் கிடைக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல், இரண்டு சுவர்களுக்கு அப்பால் உள்ள படுக்கையறையில் மிகவும் குறைந்துவிடக்கூடும். அதே இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஓரளவு வலுவுடன் கிடைக்கும்.

ஆனால், எட்டும் தூரத்தில் முந்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், இடவசதியில் பின்தங்குகிறது. இந்தியாவில் வைஃபைக்குத் திறந்துவிடப்பட்டுள்ள 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் அது 605 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஏழு மடங்குக்கும் அதிகம்.

2.4 ஜிகாஹெர்ட்ஸில் நெரிசல் ஏன்?

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி 1 முதல் 13 வரை எண்ணிடப்பட்ட சேனல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியே உள்ளது. ஆனால் ஒரு வைஃபை இணைப்புக்குக் குறைந்தபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. இதனால் அருகருகே உள்ள சேனல்கள் ஒன்றன் மீது ஒன்று படிகின்றன. 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களை மட்டுமே ஒன்றுக்கொன்று குறுக்கிடாமல் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினைந்து வீடுகளின் ரூட்டர்கள் இயங்கினால், அவை அனைத்தும் இந்த மூன்று சேனல்களையே பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. ஒரு ரூட்டர் தரவு அனுப்பும்போது அதே சேனலில் உள்ள மற்றவை காத்திருக்கும். ப்ளூடூத் கருவிகளும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால், அதன் அருகில் வைஃபை இணைப்பு தடுமாறுவதுண்டு. ஸ்மார்ட்போனில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் வேகம் கிடைக்காமல் போவதற்கு இந்த நெரிசல் ஒரு முக்கியக் காரணம். அந்தக் கோடுகள் சிக்னலின் வலுவை மட்டுமே காட்டுகின்றன, நெரிசலைக் காட்டுவதில்லை.

வேகத்தில் எவ்வளவு வேறுபாடு?

ஒரே ஆண்டெனா கொண்ட, வைஃபை 4 தலைமுறையைச் சேர்ந்த ஸ்மார்ட்போன் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலைப் பயன்படுத்தும்போது, ரூட்டருடனான அதன் அதிகபட்ச இணைப்பு வேகம் வினாடிக்கு சுமார் 72 மெகாபிட். வைஃபை 5 தலைமுறை ஸ்மார்ட்போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலைப் பயன்படுத்தும்போது, ஒரே ஆண்டெனாவுடன் வினாடிக்கு 433 மெகாபிட் வரையிலும், இரண்டு ஆண்டெனாக்களுடன் 866 மெகாபிட் வரையிலும் எட்ட முடியும்.

இவை ஸ்மார்ட்போனுக்கும் ரூட்டருக்கும் இடையிலான உச்சவரம்புகளே. உண்மையில் பதிவிறக்கத்துக்குக் கிடைக்கும் வேகம் இவற்றைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். வினாடிக்கு 30 அல்லது 40 மெகாபிட் திட்டத்தில் உள்ளவர்கள், நெரிசல் இல்லாத இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தாலும் பெரிய வேறுபாட்டை உணரமாட்டார்கள். ஆனால் 100 மெகாபிட் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டத்துக்குக் கட்டணம் செலுத்துவோர், இத்தகைய ஸ்மார்ட்போனை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வைத்திருந்தால் செலுத்தும் பணத்துக்குரிய வேகத்தைப் பெற முடியாது.

5 ஜிகாஹெர்ட்ஸும் 5ஜியும் ஒன்றா?

பல ரூட்டர்களில் இரண்டாவது வைஃபை பெயரின் இறுதியில் ‘5ஜி’ என்ற எழுத்துகள் காணப்படுகின்றன. இது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே குறிக்கிறது. 2022 அக்டோபர் 1ஆம் தேதி இந்தியாவில் தொடங்கிவைக்கப்பட்ட 5ஜி கைபேசிச் சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 5ஜி என்பதில் உள்ள ‘ஜி’ தலைமுறையைக் குறிக்கும். 5ஜி வசதி இல்லாத பழைய 4ஜி ஸ்மார்ட்போனிலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கலாம்.

இதேபோல், வைஃபை 6 என்பதும் 6 ஜிகாஹெர்ட்ஸ் என்பதும் வெவ்வேறு. வைஃபை 6 என்பது தொழில்நுட்பத்தின் ஆறாவது தலைமுறை; அது 2.4 மற்றும் 5 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதே தலைமுறையை 6 ஜிகாஹெர்ட்ஸுக்கு விரிவுபடுத்தியதே வைஃபை 6இ. அடுத்து வந்த வைஃபை 7 மூன்று அலைவரிசைகளிலும் இயங்க வல்லது. எனினும், வைஃபை 7 என்று குறிப்பிடப்பட்ட எல்லாக் கருவிகளிலும் 6 ஜிகாஹெர்ட்ஸ் இருப்பதில்லை என்பதால், வாங்கும் முன் விவரக்குறிப்பைச் சரிபார்ப்பது அவசியம்.

இந்தியாவில் விதிகள் என்ன?

வைஃபை அலைவரிசைகளைப் பயன்படுத்தப் பொதுமக்கள் தனியாக உரிமம் பெற வேண்டியதில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2005ஆம் ஆண்டு மத்திய அரசு இந்த விலக்கை அளித்தது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இருந்த கட்டுப்பாடுகள் 2018 அக்டோபரில் தளர்த்தப்பட்டு, 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது.

இந்த விலக்கு நிபந்தனைகளுடன் கூடியது. பிறருக்குக் குறுக்கீடு விளைவிக்கக் கூடாது. பிறரால் ஏற்படும் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோரவும் முடியாது. அதாவது, விதிமுறைக்கு உட்பட்ட பக்கத்து வீட்டு ரூட்டரால் நெரிசல் ஏற்பட்டால், அதற்காகப் புகார் அளிக்க வழியில்லை. வேறு சேனலுக்கோ வேறு அலைவரிசைக்கோ மாறுவதே தீர்வு.

6 ஜிகாஹெர்ட்ஸைப் பொறுத்தவரை, அமெரிக்கா 2020ஆம் ஆண்டு 1,200 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்த முடிவு செய்தது. இந்தியாவில், 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை, உள்ளரங்கில் குறைந்த திறனிலும் வெளியிடங்களில் மிகக் குறைந்த திறனிலும் பயன்படுத்த வகைசெய்யும் வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. 6 ஜிகாஹெர்ட்ஸில் இணைய ஸ்மார்ட்போன், ரூட்டர் ஆகிய இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். மேலும், இந்த அலைவரிசையில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை கட்டாயம்.

எந்த இடத்தில் எதைத் தேர்வு செய்வது?

ரூட்டர் உள்ள அறையிலோ, ஒரே ஒரு சுவருக்கு அப்பாலோ இருப்பவர்கள் 5 ஜிகாஹெர்ட்ஸைத் தேர்வு செய்யலாம். காணொலி அழைப்பு, இணைய வகுப்பு, விளையாட்டு, பெரிய கோப்புகளின் பதிவிறக்கம் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. ப்ளூடூத் இயர்போனில் ஒலி விட்டு விட்டுக் கேட்டால், ஸ்மார்ட்போனை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்ப்பது பலன் தரக்கூடும்.

மாடி, தோட்டம், பல சுவர்களுக்கு அப்பால் உள்ள அறை ஆகிய இடங்களில் 2.4 ஜிகாஹெர்ட்ஸே நம்பகமானது. ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்ற வீட்டுக் கருவிகள் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். அவற்றை முதன்முறை நிறுவும்போது இணைப்புக் கிடைக்காவிட்டால், ஸ்மார்ட்போனையும் தற்காலிகமாக 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி முயலலாம்.

5 ஜிகாஹெர்ட்ஸின் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் சிக்னலை உணர்ந்தால் அந்தச் சேனலைவிட்டு விலகும் வகையில் ரூட்டர்கள் வடிவமைக்கப்படுகின்றன. அப்போது இணைப்பு சிறிது நேரம் துண்டிக்கப்படலாம். அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால், ரூட்டரில் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை உள்ள சேனல்களில் ஒன்றைத் தேர்வு செய்யலாம்.

ஸ்மார்ட்போனில் அறிவது எப்படி?

ஆண்ட்ராய்டு ஸ்மார்ட்போன்களில் செட்டிங்ஸ் பகுதியில் வைஃபையைத் திறந்து, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயருக்கு அருகில் உள்ள குறியைத் தொட்டால், பெரும்பாலான மாடல்களில் அலைவரிசை விவரம் தெரியும். மெகாஹெர்ட்ஸில் எண் காட்டப்பட்டால், 2,412 முதல் 2,472 வரை இருப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5,180 முதல் தொடங்குவது 5 ஜிகாஹெர்ட்ஸ், 5,955 முதல் மேலே உள்ளது 6 ஜிகாஹெர்ட்ஸ். ஐபோனின் வைஃபை பகுதியில் இந்த விவரம் பொதுவாகக் காட்டப்படுவதில்லை என்பதால், ரூட்டரின் செயலியிலோ நிர்வாகப் பக்கத்திலோ பார்க்கலாம்.

அலைவரிசையை நேரடியாகத் தேர்வு செய்யும் வசதி சில பழைய ஆண்ட்ராய்டு மாடல்களில் இருந்தது. தற்போதைய பல மாடல்களில் ஸ்மார்ட்போனே தானாக முடிவெடுக்கிறது. பயனரே தீர்மானிக்க விரும்பினால், ரூட்டரின் அமைப்புகளில் இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கலாம். பின்னர் வேண்டாத பெயருக்குத் தானாக இணையும் வசதியை ஸ்மார்ட்போனில் நிறுத்திவிடலாம்.

இதில் ஒரு குறையும் உண்டு. பெயர்கள் தனித்தனியாக இருந்தால், தொலைவுக்குச் சென்றதும் சிக்னல் வலுவாக உள்ள அலைவரிசைக்கு ஸ்மார்ட்போன் மாறாமல் போகலாம். எனவே வீடு முழுவதும் நடமாடியபடி பயன்படுத்துவோருக்கு ஒரே பெயரே வசதியானது. ஒரே இடத்தில் அமர்ந்து பணிபுரிவோருக்குத் தனிப் பெயர் உதவும்.

ஹாட்ஸ்பாட்டுக்கும் இது பொருந்தும்

ஸ்மார்ட்போனின் ஹாட்ஸ்பாட் பழைய மடிக்கணினியில் தென்படவில்லை என்றால், அது 5 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கிக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டில் ‘எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி’ அல்லது ‘பேண்ட்’ என்ற தெரிவின் மூலம் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். ஐபோன் 12 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்பதை இயக்கினால் ஹாட்ஸ்பாட் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறும். புதிய மடிக்கணினியை அருகிலேயே வைத்துப் பயன்படுத்தும்போது 5 ஜிகாஹெர்ட்ஸ் கூடுதல் வேகம் தரும்.

கட்டணத் திட்டத்தை மாற்றும் முன்

வேகக் குறைவுக்குக் காரணம் வெளியே உள்ளதா, வீட்டுக்குள் உள்ளதா என்பதை எளிய சோதனையால் அறியலாம். வீட்டில் மற்றவர்கள் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில், ரூட்டருக்கு இரண்டு மீட்டர் தூரத்துக்குள் நின்று, ஸ்மார்ட்போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இணைந்திருப்பதை உறுதிசெய்து வேகத்தை அளக்க வேண்டும். பின்னர், பிரச்சினை உள்ள அறையில் இரண்டு அலைவரிசைகளிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

ரூட்டரின் அருகிலும் திட்டத்துக்குரிய வேகம் கிடைக்கவில்லை என்றால், ரூட்டரை மறுதொடக்கம் செய்து மீண்டும் அளந்த பிறகு, அந்த அளவீடுகளுடன் இணைய சேவை நிறுவனத்திடம் புகார் அளிக்கலாம். அருகில் முழு வேகமும், அறையில் குறைந்த வேகமும் கிடைத்தால் இணைய இணைப்பில் குறை இல்லை என்று கொள்ளலாம். அந்நிலையில் கூடுதல் கட்டணத் திட்டம் பயனளிக்காது. ரூட்டரை அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் உயரமான திறந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகும் அந்த அறைக்கு சிக்னல் எட்டாவிட்டால், அங்கு வரை கேபிள் இழுத்து இரண்டாவது ரூட்டரை அமைப்பது அல்லது மெஷ் வகைக் கருவிகளைப் பொருத்துவது குறித்து முடிவு செய்யலாம்.