தோல் சொன்ன உண்மை

கடம்பத்தூர் இரயில் நிலையத்திலே காலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! கையிலே சாப்பாட்டுத் தூக்கு, தோளிலே பை, கண்ணிலே உறக்கத்தின் மிச்சம். ஆலைக்குச் செல்வோர் ஒருபுறம். கல்லூரிக்குச் செல்வோர் மறுபுறம். சென்னை செல்லும் வண்டி வந்ததும் முட்டி மோதி ஏறுகின்றனர்.

அந்தக் கூட்டத்திலே உள்ள ஒரு மாணவரிடம், "ஆராய்ச்சித் துறையிலே நாட்டம் உண்டா?" என்று கேளுங்கள். என்ன விடை வரும் என்பதை நாம் அறிவோம். "ஆராய்ச்சியா? அது அமெரிக்காவுக்கு, ஐரோப்பாவுக்கு! இங்கே பட்டம் கிடைக்கும்; அதைக் கொண்டு வேலை கிடைத்தால் போதும்!"

இந்த ஏக்கப் பேச்சு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்ததன்று. வரலாறு ஊட்டியது.

கடம்பத்தூர் வழியே செல்லும் அந்த இருப்புப் பாதை 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுச் சீமை நோக்கித் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 1857-இல், சென்னைப் பல்கலைக் கழகம் பிறந்தது. பாதை, சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. பல்கலைக் கழகம், பட்டதாரிகளை அலுவலகங்களுக்கு அனுப்பி வைத்தது. தொடக்கத்தில் அரை நூற்றாண்டுக் காலம் அது தேர்வு நடத்தும் நிலையமே. ஆராயும் இடம் அன்று. கேள்வித்தாள் உண்டு, கேள்வி இல்லை!

அந்த நாளில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய சரக்குகளிலே தலையாய ஒன்று தோல். இங்கே அரைப்பதம் செய்து அனுப்புவர்; முழுப்பதம் செய்து, மெருகேற்றி, விலையேற்றி விற்பவர் சீமையிலே இருந்தனர். அரைப்பதத்திலே அனுப்பப்பட்டது தோல் மட்டுந்தானா? நம் அறிவும் அப்படித்தானே வைக்கப்பட்டிருந்தது!

அந்நியன் செய்தது அது. நாம் செய்தது என்ன? தோலைத் தொட்டு உழைத்தவனைத் தொடலாகாது என்றோம். அவன் தைத்த செருப்பு நம் காலுக்கு வேண்டும். அவன் கால் நம் தெருவுக்கு வேண்டாம். அவன் தோல் கட்டித் தந்த மத்தளம் மண்டபத்துக்குள்ளே முழங்கலாம். அவன் மட்டும் வாயிலுக்கு வெளியே! கை வேலையை இழிவு என்று கற்பித்த நாட்டிலே ஆய்வுக்கூடம் எப்படித் தழைக்கும்? ஆராய்ச்சி என்பது மூளையின் வேலை மட்டுமா? கையால் தொட்டு, அறுத்து, அளந்து பார்க்கும் வேலையும் அதுவன்றோ!

அந்த நாட்டிலே, அதே தோலைக் கொண்டு, உலகத்தை நம் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தது நம் பல்கலைக் கழகம். அந்த வரலாற்றைத்தான் நாம் சொல்ல வந்தோம்.

1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள், சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் மருத்துவ மேதை ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான இராமசாமி முதலியாரின் இரட்டையர். இயற்பியல் துறையை ஏற்றிட சர். சி. வி. இராமனை அழைத்தார் அவர். இராமன் தாம் வரவில்லை. தம் மாணவரை ஏற்கும்படி கூறினார். வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். ஆண்டு 1952, அவருக்கு அகவை முப்பதை எட்டும் நேரம். அந்த இளைஞரை நம்பி ஒரு துறையையே ஒப்படைத்தார் துணைவேந்தர். கிண்டி வளாகத்திலே எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் எழுந்தது.

எதை ஆராய்வது? சென்னைக்கு வந்திருந்த இங்கிலாந்து அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை, இதுவரை சொல்லப்பட்ட எதுவும் பொருந்தவில்லை என்றார். கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் பொருள். தோல், எலும்பு, தசைநாண் அனைத்திலும் இருப்பது. நம் உடற் புரதத்திலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே.

கொலாஜனுக்கு எங்கே போவது? கடல் கடக்க வேண்டியதில்லை. பக்கத்திலே அடையாற்றில், 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. எந்தத் தோலை நாடு தீட்டு என்றதோ அந்தத் தோலைப் பற்றிய அறிவு அங்கே குவிந்திருந்தது. பேராசிரியர் அந்த வாயிலைத் தட்டினார். ஆய்வுப் பொருள் கிடைத்தது. சுறாத் துடுப்பும் பார்த்தனர். கங்காருவின் வால் தசைநாணிலே தெளிவான படம் விழுந்தது.

இராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் படத்தைக் கூர்ந்து கணக்கிட்டனர். கொலாஜனிலே மூன்றுக்கு ஓர் இடம் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பது ஏன்? அதிலேதான் திறவுகோல் இருந்தது. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு அது! இழைகள் நெருங்கும் நடுவிலே இடம் மிகக் குறைவு; மிகச் சிறியது மட்டுமே அங்கே அடங்கும். கயிறு திரிப்பவர் கையிலே நாள்தோறும் காணும் முறுக்கு, நம் உடலுக்குள்ளே! 1954-இல் மூவிழை அமைப்பையும், 1955-இல் அவ்விழைகள் ஒன்றையொன்று சுற்றி மேலும் முறுக்கேறும் திருத்திய வடிவையும் 'நேச்சர்' ஏட்டிலே வெளியிட்டனர்.

உடனே மாலை மரியாதையா கிடைத்தது? மறுப்பு கிடைத்தது! டி. என். ஏ. அமைப்பைக் கண்டு புகழ்பெற்ற கிரிக்கும், அவருடன் ரிச் என்பாரும், "உங்கள் வடிவிலே அணுக்கள் அளவு மீறி நெருங்கி நிற்கின்றன" என்று குறை கூறினர். பிணைப்புகளின் எண்ணிக்கையும் வேறு என்றனர்.

இங்கேதான், தோழர்களே, நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. பழைய நூல் சொன்னால் கேள்வி கேட்காதே என்று வளர்ந்த சமூகம் இது. மறுப்பு வந்தால் மனம் ஒடிவது, அல்லது மறுத்தவனை ஏசுவது, நம் வழக்கம். இராமச்சந்திரன் இரண்டையும் செய்யவில்லை. "அளவு மீறி என்கிறீர்களே, அந்த அளவு எது?" என்று கேட்டார். அணுவும் அணுவும் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை எல்லாம் திரட்டி ஆராய்ந்தார்.

புரதம் மணிமாலை போன்றது. மணிக்கு மணி இரண்டு மூட்டுகள் திரும்பும். அணுவுக்குப் பருமன் உண்டாதலால், எப்படி வேண்டுமானாலும் திரும்ப இயலாது; ஒன்றையொன்று இடிக்கும். எந்தத் திருப்பம் இயலும், எது இயலாது? மாணவர் சி. இராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் உடன் உழைக்க, மேசைக் கணக்குப் பொறியைக் கொண்டு கணக்கிட்டனர். விடை ஒரு சிறு படம், 1963-இல் வெளிவந்தது. உலகம் அதை 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று அழைக்கிறது. புரதம் மடிவதைத் தலையெழுத்து தீர்மானிக்கவில்லை. அணுவின் பருமன் தீர்மானிக்கிறது என்று காட்டிய படம் அது!

இன்று உலகின் எந்த மூலையிலே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரிதானா என்று அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கின்றனர். 2020-இல் கொரோனாக் கிருமியின் முட்புரதத்தை ஆராய்ந்தவர்களும் அவ்வாறே சரிபார்த்தனர்.

கிரிக்கின் குறையிலே உண்மை இல்லாமலும் இல்லை. பிணைப்பு எண்ணிக்கையிலே அவர்கள் சொன்னது சரி என்பதைப் பின்னாளைய ஆராய்ச்சி காட்டியது. ஆனால், மூவிழை முறுக்கு என்ற அடிப்படை கிண்டியிலே கண்டது, அது நிலைத்தது. இரு தரப்பிலும் சரியானது நின்றது, தவறானது விழுந்தது. இதுவன்றோ பகுத்தறிவின் நீதிமன்றம்! அங்கே தீர்ப்பு சொல்வது சான்று. குலமும் அன்று, கோத்திரமும் அன்று, வெள்ளைத் தோலும் அன்று.

ஆனால் கதை இங்கே இனிதே முடிந்துவிடவில்லை. 1969-இல் முதலியார் பதவியை விட்டுச் சென்றார். அடுத்த ஓராண்டுக்குள் இராமச்சந்திரனும் சென்னையை விட்டகன்றார். பெங்களூர் சென்று அங்கே புதுத் துறை ஒன்றை அமைத்தார். ஒரு பெரியவரின் தோளிலே மட்டும் சாய்ந்து நிற்கும் ஆராய்ச்சி, அவர் விலகினால் தள்ளாடும். தனி மனிதர் தயவு போதாது. ஆண்டுதோறும் தவறாத நிதியும், நிரப்பப்பட்ட ஆசிரியர் இடங்களும், தலையீடற்ற உரிமையும் வேண்டும்.

இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தர் நாற்காலியிலே ஒருவர் உறுதியாக அமர்ந்திருந்த அதே பல்கலைக் கழகத்திலே, 2023 ஆகஸ்டில் காலியான அந்த நாற்காலி, ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே எழுந்த பூசலால், ஆண்டு கடந்தும் காலியாகவே கிடந்தது. இதை நாம் வேதனையோடுதான் எழுதுகிறோம். ஏழை நாட்டிலே ஆராய்ச்சி முடியாது என்பது பொய். அதைக் கிண்டி உடைத்துவிட்டது. ஆனால் கவனிப்பாரற்ற நாட்டிலே ஆராய்ச்சி முடியாது என்பது மெய்!

நாளைக் காலை கடம்பத்தூரில் வண்டி ஏறும் தம்பியும் தங்கையும் தங்கள் கையைச் சற்றே பார்த்துக்கொள்ளட்டும். அந்தத் தோலுக்குள்ளே இருக்கிறது மூவிழைக் கயிறு. அக்கிரகாரத்தான் தோலிலும் அதுதான். சேரியான் தோலிலும் அதுதான். கங்காருவின் வாலிலும் அதுதான். இழை மூன்று, முறுக்கு ஒன்று, ஏற்றத்தாழ்வு எங்கே?

அதைக் கண்டு சொன்ன ஆய்வுக்கூடம், அவர்கள் ஏறும் அந்த வண்டி சென்று சேரும் நகரிலேதான் இருந்தது. அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். கேட்பதற்கு இடமும் பொருளும் தர வேண்டியவர்கள் நாம்.