காஞ்சி மாவட்டத்தில் கான்ஜி

முதலில் ஒரு விளக்கம். கான்ஜி என்பது நாம் குடிக்கும் கஞ்சி அல்ல, காஞ்சிபுரமும் அல்ல :-) ஜப்பானியர்கள் சீனர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட எழுத்துகளுக்கு அந்தப் பெயர். "கான்" என்பது சீனாவின் ஹான் வம்சத்தைக் குறிக்கும், "ஜி" என்றால் எழுத்து.

நான் படிப்பது பி.காம். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். படப்பை தாண்டி ஒரகடம் வரைக்கும், அங்கிருந்து வல்லம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கொமாட்சு, யமஹா, 2010ல் உற்பத்தி தொடங்கிய ரெனோ‍-நிசான் ஆலை, அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள்... எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அண்ணனோ மாமாவோ இந்தச் சாலையில்தான் ஷிப்ட் பார்க்கிறார்கள். ஜப்பானிய மொழி தெரிந்தால் அலுவலகப் பக்கம் வேலை கிடைக்கும், சம்பளம் கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வகுப்பில் சேருகிறார்கள். ஹிரகனா, கதகனா என்ற இரண்டு ஒலி எழுத்து வரிசைகளையும் எப்படியோ முடித்துவிடுகிறார்கள். கான்ஜி வந்ததும் பாதிப் பேரைக் காணோம்!

ஏன் ஓடுகிறார்கள்? "இந்தப் படத்தை மனப்பாடம் செய்" என்று மட்டும் சொல்வதால்தான் என்று நினைக்கிறேன். அந்த எழுத்து எங்கே பிறந்தது, ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வரலாறு தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கணக்குப்பிள்ளையின் கான்ஜி

ஒரு எழுத்து ஒரு முழுச் சொல்லைக் குறிப்பது நமக்குப் புதிதா? இல்லை. பழைய கிரயப் பத்திரத்தையோ தாத்தா காலத்துப் பேரேட்டையோ எடுத்துப் பாருங்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. இவை ஒவ்வொன்றும் ஒரே குறி, ஆனால் படிப்பது முழுச் சொல்லாக. காமர்ஸ் படிக்கும் நாம் டெபிட், கிரெடிட் என்று எழுதுகிறோம். நம் கணக்குப்பிள்ளைகள் அதை ஒரே கோட்டில் முடித்திருக்கிறார்கள்.

கான்ஜியில் எல்லோரும் பயப்படும் இன்னொரு விஷயம், ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு. தண்ணீருக்கான எழுத்தை ஓரிடத்தில் "மிசு" என்றும், இன்னோரிடத்தில் "சுய்" என்றும் படிக்க வேண்டும். அநியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் 5 என்ற குறியைப் பாருங்கள். "5 பேர்" என்றால் ஐந்து என்கிறோம். "பஸ் நம்பர் 5" என்றால் ஃபைவ் என்கிறோம். வட இந்திய நண்பர் பாஞ்ச் என்கிறார். குறி ஒன்று, பொருள் ஒன்று, ஒலி மூன்று. "மிசு" என்பது ஜப்பானியர்களின் சொந்தச் சொல், "சுய்" என்பது எழுத்தோடு சீனாவிலிருந்து வந்த ஒலி. அவ்வளவுதான் ரகசியம்.

கடல் கடந்த எழுத்து

ஜப்பானியர்களிடம் முதலில் எழுத்தே இல்லை. கி.பி. 57ல் சீன ஹான் பேரரசர் அங்கிருந்த ஒரு சிற்றரசருக்குத் தங்க முத்திரை கொடுத்தார். அதில் கான்ஜி இருந்தது. 1784ல் ஃபுகுவோகா பக்கம் ஷிகனோஷிமா தீவில் அந்த முத்திரை கிடைத்தது. கி.பி. 471ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் இனாரியாமா வாளில் 115 எழுத்துகள் தங்கத்தில் பதித்திருக்கிறார்கள். கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து வந்த வானி என்ற அறிஞர்தான் சீன நூல்களைக் கொண்டுவந்தார் என்பது ஜப்பானிய மரபுக் கதை.

அந்தக் காலத்து மாணவன் எப்படிப் படித்தான்? "ஆயிரம் எழுத்து நூல்" என்று ஒன்று உண்டு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோவு ஷிங்ஸி என்பவர் சீன அரசருக்காக எழுதியது. 1000 எழுத்துகள், நான்கு நான்காக 250 தொடர்கள், எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராது. இதை எழுதி முடிப்பதற்குள் ஒரே இரவில் அவர் தலை நரைத்துப் போனது என்று கதை சொல்வார்கள். சீனா, கொரியா, ஜப்பான் மூன்றிலும் பிள்ளைகள் இதைப் பாட்டாகப் பாடியே எழுத்து கற்றார்கள். நம் திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை ஒப்பித்தார்களே, அதே முறை.

பெண்களும் எழுத்தும்

8ஆம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷு என்ற பாடல் தொகுப்பில் ஒரு வேடிக்கை. சுமார் 4500 பாடல்கள். பல இடங்களில் கான்ஜியின் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு ஜப்பானிய மொழியை எழுதினார்கள். அந்த எழுத்துகளை வேகமாக எழுதி எழுதித் தேய்ந்ததுதான் ஹிரகனா. புத்த பிக்குகள் ஏடுகளின் ஓரத்தில் குறிப்பெழுதுவதற்காகக் கான்ஜியின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்ததுதான் கதகனா.

கான்ஜி ஆண்களின் படிப்பு, ஹிரகனா பெண்களின் எழுத்து என்று அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் "கெஞ்சியின் கதை" எழுதிய முராசகி ஷிகிபு தன் நாட்குறிப்பில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அண்ணன் தம்பிக்குப் பாடம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே சீன நூல்களைக் கற்றுக்கொண்டார். இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று அப்பா வருத்தப்பட்டாராம். பின்னால் அரண்மனையில், படிக்கத் தெரிந்தவள் என்ற பேச்சுக்குப் பயந்து, திரைச்சீலையில் எழுதியிருந்ததைக்கூடப் படிக்கத் தெரியாதவர் போல நடித்தார். ஆனால் ரகசியமாக மகாராணிக்குச் சீனக் கவிதை சொல்லிக் கொடுத்தார்! எங்கள் வகுப்புத் தோழிகள் இதைக் கவனிக்கவும்.

உடையவர் ஊரில் ஒரு உறவு

இன்றைய ஜப்பானிய வாக்கியத்தில் வேர்ச்சொல் கான்ஜியில் இருக்கும், விகுதி ஹிரகனாவில் இருக்கும். "சாப்பிடு" என்பதில் "தா" வரை கான்ஜி, அதன்பின் "பெரு", "பெமாசு", "பெதா" என்று மாறும் பகுதி ஹிரகனா. இரண்டு எழுத்தைக் கலந்து ஒரு மொழியா என்று வியக்க வேண்டாம். நம்மிடமும் இருந்தது. பெயர் மணிப்பிரவாளம். வடமொழிச் சொற்களைக் கிரந்தத்தில் எழுதி, "ஐ", "ஆல்", "உடைய" போன்ற உருபுகளையும் தமிழ்ச் சொற்களையும் தமிழில் எழுதுவது. இதில் உரை எழுதிக் குவித்தவர்கள் வைணவ ஆசாரியர்கள். திருவாய்மொழிக்கு முதல் உரையான ஆறாயிரப்படியை எழுதிய திருக்குருகைப்பிரான் பிள்ளான் யாருடைய சீடர்? ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருடைய சீடர்! இன்று கார் கம்பெனிகளால் பெயர் பெற்ற அதே ஊர்.

இன்னொரு உறவும் உண்டு. ஜப்பானிய ஒலி வரிசை: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்த "ஹ" பழங்காலத்தில் "ப" என்று ஒலித்தது. இப்போது சேர்த்துப் படியுங்கள்: க ச த ந ப ம ய ர வ. நம் அரிச்சுவடிதானே! சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் இந்த வரிசைக்கு அந்த உறவு தேவையே இல்லை. புத்த பிக்குகள் மந்திரம் ஓதுவதற்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்தைக் கற்றார்கள். 806ல் சீனாவிலிருந்து திரும்பிய கூகாய் அந்தப் படிப்பைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். இந்திய இலக்கண வரிசை அந்த வழியில் போய்ச் சேர்ந்தது. அதற்கும் முன்பே, 736ல், தென்னிந்தியாவிலிருந்து போன போதிசேனர் ஜப்பான் சேர்ந்தார். 752ல் நாராவின் தோதாய்ஜி கோயில் பெரிய புத்தருக்குக் கண் திறந்து வைத்தவர் அவர்தான்.

ஒழித்துவிடலாமா?

கான்ஜி கஷ்டம் என்று புலம்புவது நாம் மட்டுமல்ல. 1866ல் மயெஜிமா ஹிசோகா என்பவர் கான்ஜியையே ஒழித்துவிட வேண்டும் என்று ஷோகுனுக்கு மனு கொடுத்தார். பிள்ளைகளின் காலமெல்லாம் எழுத்து கற்பதிலேயே போகிறது, அறிவியலை எப்போது படிப்பார்கள் என்பது அவர் வாதம். பின்னால் ஜப்பானின் தபால் துறையை உருவாக்கியவர் இவரே.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1946ல் வந்த அமெரிக்கக் கல்விக் குழு, ரோமன் எழுத்துக்கு மாறச் சொன்னது. ஆனால் 1948ல் நாடு முழுக்க நடந்த எழுத்தறிவுக் கணக்கெடுப்பில், அறவே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகச் சிலரே என்று தெரிந்தது. ஒழிப்பதற்குப் பதில் அளவைக் குறைத்தார்கள். 1946ல் 1850 எழுத்துகள் கொண்ட அரசுப் பட்டியல். 1981ல் 1945. 2010ல் 2136. முதல் வகுப்புக் குழந்தைக்கு 80 எழுத்துதான், ஆறாம் வகுப்பு முடியும்போது 1026.

ஏன் முழுவதும் விட முடியவில்லை? ஒரே ஒலியில் பல சொற்கள் இருப்பதும் ஒரு காரணம். "கிஷா" என்றால் நிருபர். ரயிலுக்கும் கிஷா. அலுவலகம் திரும்புவதும் கிஷா. வியாபாரக் கடிதத்தில் "தங்கள் நிறுவனம்" என்பதும் கிஷா! கான்ஜியில் எழுதினால் குழப்பமே இல்லை. பிறகு இயந்திரமும் உதவிக்கு வந்தது. 1978ல் தோஷிபா முதல் ஜப்பானிய வேர்ட் ப்ராசஸரை அறிவித்தது. ஒலியைத் தட்டினால் கான்ஜி வரும். (அதே 1978ல்தான் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. எழுத்தை எளிதாக்கும் கவலை எல்லா ஊரிலும் உண்டு!)

சுவரில் இருக்கும் பாடம்

சரி, இதையெல்லாம் வைத்து எப்படி நினைவில் வைப்பது? ஒரகடத்தில் வேலை செய்யும் யாரிடம் கேட்டாலும் "ஃபைவ் எஸ்" பலகையைச் சொல்வார்கள். செய்ரி, செய்தோன், செய்சோவு, செய்கெத்சு, ஷிட்சுகே. வேண்டாததை ஒதுக்கு, இடத்தில் வை, கூட்டு, சுத்தம் காப்பாற்று, ஒழுங்கைப் பழக்கமாக்கு. ஐந்து சொல்லுக்கும் சேர்த்து மொத்தம் 7 கான்ஜிதான்.

முதல் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும். அதன் அடிப்பாகத்தில் "சரி" என்று பொருள்படும் சின்ன எழுத்து இருக்கிறது, அதன் ஒலியும் "செய்". அடுத்த இரண்டும் வேறொரு எழுத்தில் தொடங்கும். இடது பக்கம் மூன்று நீர்த்துளி, வலது பக்கம் "செய்" என்று ஒலிக்கும் நீலம். ஒரு பாதி பொருள் சொல்கிறது, மறு பாதி ஒலி சொல்கிறது. கான்ஜியில் பெரும்பகுதி இப்படித்தான் அமைந்திருக்கிறது. கி.பி. 100 வாக்கிலேயே ஷு ஷென் என்ற சீன அறிஞர் 9353 எழுத்துகளை 540 உறுப்புகளின் கீழ் பிரித்து அகராதி செய்துவிட்டார். வேர் தெரிந்தால் மரம் தெரியும் என்ற நம் ஊர்க் கணக்குதான்.

கடைசிச் சொல்லான ஷிட்சுகே இன்னும் அழகு. "உடம்பு" பக்கத்தில் "அழகு". உடம்பை அழகாக நடத்துவது ஒழுக்கம். இது சீனாவில் பிறந்ததல்ல, ஜப்பானியர்களே செய்த எழுத்து. "வேலை செய்" என்பதற்கான எழுத்தும் அப்படித்தான். கனம், பலம் இரண்டும் சேர்ந்தால் "அசைவு". அதன் பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தினால் "உழைப்பு". டொயோட்டாவில் "ஜிதோக்கா" என்ற சொல்லை எழுதும்போது வழக்கமான "அசைவு" எழுத்தை விட்டு, மனிதன் நிற்கும் இந்த எழுத்தைப் போடுகிறார்கள். இயந்திரம் தானாக ஓடினால் போதாது, கோளாறு வந்தால் மனிதன் மாதிரி தெரிந்துகொண்டு நிற்க வேண்டும் என்று பொருள். நூல் அறுந்தால் தானே நிற்கும் சகிச்சி டொயோடாவின் தறியிலிருந்து வந்த எண்ணம் அது. மனிதன் மரத்தில் சாய்ந்திருந்தால் "ஓய்வு" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உழைப்பிலும் ஓய்விலும் இடது பக்கம் நிற்பது அதே மனிதன்தான்.

செய்ய வேண்டியது

முதல் படிக்குச் சுமார் 100 எழுத்து போதும். 1984ல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் நடக்கிறது, அதன் கடைசி நிலைக்கு இவ்வளவுதான் பழக வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு மூன்று எழுத்து என்றால் ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் மறந்துபோகும். 1885லேயே எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து, படித்தது எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து காட்டினார். அதனால் நாளை ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை என்று இடைவெளி கூட்டிப் பார்க்க வேண்டும். 1972ல் லைட்னர் இதற்கு அட்டைப்பெட்டி முறை சொன்னார், 2006ல் ஆன்கி மென்பொருள் வந்தது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டினாலே அட்டை தயார். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் உறுப்புகளின் கதை, ஒரு சொல். தனி எழுத்தாக இல்லாமல் ஒரு சொல்லோடு சேர்த்துப் படித்தால் உச்சரிப்பும் தானாக நிற்கும்.

கம்பெனிகள் வரும், கை மாறும். நிசான் 2025ல் ஒரகடம் ஆலையில் இருந்த தன் 51 சதவீதப் பங்கை ரெனோவுக்கு விற்றுவிட்டது. ஒரே கம்பெனியை நம்பி மொழி படிக்காதீர்கள் என்பதற்கு அதுவே போதும். கான்ஜி தெரிந்தவருக்கு அடுத்த கேட்டிலும் மரியாதை உண்டு. வேலையே கிடைக்காவிட்டாலும், சீனம், கொரியா, ஜப்பான் மூன்றின் பழைய ஏடுகளுக்கும் ஒரு சாவி கையில் இருக்கும்.

இந்த வாரம் அந்த ஏழு எழுத்திலிருந்து தொடங்குங்கள். அண்ணனோ மாமாவோ ஷிப்ட் முடிந்து வந்ததும், ஐந்தாவது எஸ் எப்படி எழுதுவது என்று நீங்களே காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.