காவலூரில் சிக்கிய கல்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கோளாகத் திரள முடியாமல் போன சரக்கு நிறையக் கிடக்கிறது. ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளாக வியாழனின் ஈர்ப்பு அதை ஒன்றுசேர விட்டதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு கல், ஒரு சிறுகோள். அதன்மேல் பட்டுத் தெறித்த வெயிலில் ஒரு துளி, கால் மணி நேரம் போலப் பயணம் செய்து, 1988 பிப்ரவரி 17 இரவு ஜவ்வாது மலையில் ஒரு ஃபிலிமில் பதிந்தது.

ஆலங்காயம் தாண்டி மலையேறினால் காவலூர். வானியலாளர் வைணு பாப்பு 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு இங்கே வான் ஆய்வு வேலையைத் தொடங்கினார். இன்று வருகிறவர்கள் பார்க்க விரும்புவது 1986-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை. ஆனால் கல்லைப் பிடித்தது அது அல்ல, 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி. பெரியது வானத்தில் ஒரு சின்னத் துண்டைத்தான் உற்றுப் பார்க்கும். எங்கே இருக்கிறதென்றே தெரியாததைத் தேட அகன்ற பார்வை வேண்டும், அது ஷ்மிட்டுக்கு உண்டு. அதில் பிம்பம் விழும் தளமே வளைவானது; ஃபிலிமையும் அதற்கேற்ப வளைத்துத்தான் பொருத்த வேண்டும்.

இந்திய வானியற்பியல் நிலையத்தின் ஆர். ராஜமோகன் 'கல்கி' என்ற பெயரில் நடத்திய தேடல் அது. நள்ளிரவில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும்போதுதான் சிறுகோள் நல்ல வெளிச்சத்தில் தெரியும். ஒரே இடத்தை இடைவெளி விட்டுப் படம் எடுத்து ஒப்பிட்டால், நட்சத்திரங்கள் அசையாமல் நிற்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அதுவும் பெரிய நகர்வல்ல. ஒரு நாள் முழுக்கப் போனாலும் முழுநிலவின் அகலத்தில் பாதி தேறினால் அதிகம்.

நுங்கம்பாக்கத்தில் சென்னை வான் ஆய்வகத்தை நடத்திய நார்மன் போக்சனுக்கு இந்த ஃபிலிம் வசதியும் இல்லை. வான வரைபடத்தையும் கண்ணையும் நம்பியே 1861 ஏப்ரல் 17-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, ஆசியாவிலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்றே பெயரிட்டார். என் கணக்கில் அதுதான் பெரிய சாதனை. சென்னையில் அவர் கடைசியாகக் கண்டது 1885-இன் 'வேரா'. பிறகு இந்திய மண்ணில் நூறாண்டுக்கு மேல் வறட்சி.

படத்தில் சிக்கினால் மட்டும் பெயர் வந்துவிடாது. காவலூர்க் கல்லுக்கு முதலில் கிடைத்தது '1988 டிகியூ1' என்ற தற்காலிக அடையாளம். 'டி' என்றால் பிப்ரவரியின் பிற்பாதி; 'கியூ1' என்றால் அந்தப் பாதியில் 41-ஆவது வரவு. அடுத்தடுத்த சுற்றுகளிலும் கணக்கிட்ட இடத்தில் அது தென்பட்டு, பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் தருவார்கள். இதற்கு வந்தது 4130. அதன் பிறகுதான் கண்டுபிடித்தவர் பெயர் சொல்லலாம். சீனிவாச ராமானுஜனின் நூற்றாண்டு 1987-இல் கொண்டாடி முடிந்திருந்த நேரம். 4130 'ராமானுஜன்' ஆயிற்று.

வரிசை எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்த தேதியை ஊகிக்கக் கூடாது. காவலூரிலேயே 1988 ஜனவரியில், அதாவது ராமானுஜனுக்கு முன்னால், ராஜமோகன் கண்ட இன்னொரு கல்லின் பாதை உறுதிப்பட வெகுகாலம் ஆனது. யுரேனஸ் வளையங்களை 1977-இல் காவலூரிலிருந்து கவனித்த ஜே.சி. பட்டாச்சாரியாவின் பெயரைத் தாங்கிய அதன் எண் 8348.