கைப்பிடி சுழற்றிய மின்னல்

பொறி என்னும் தமிழ்ச் சொல் இயந்திரத்தையும் குறிக்கும், தீத்துளியையும் குறிக்கும். கையால் சுழற்றி மின்பொறி எழுப்பும் கருவிகளுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்ப்பது அரிது.

ஜெர்மனியின் மக்டபர்க் நகரத் தலைவராயிருந்த ஆட்டோ வான் குரிக்கே, கந்தக உருண்டை ஒன்றைச் சுழலவிட்டுக் கையால் தேய்த்தால் அது இறகு போன்றவற்றை ஈர்ப்பதைக் கண்டு, 1672இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். கந்தகத்தின் இடத்தைப் பின்னர்க் கண்ணாடி பிடித்தது. 1745, 1746ஆம் ஆண்டுகளில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் லெய்டன் சாடியும் வந்து சேரவே, மின்சாரம் செல்வர் மாளிகைகளில் வேடிக்கைப் பொருளாயிற்று. பிரான்சில் நொல்லே என்னும் பாதிரியார் அரசன் முன்னிலையில் 180 காவல் வீரரைக் கைகோத்து நிற்கச் செய்து, சாடியின் மின்னூட்டத்தைச் செலுத்தி, அனைவரையும் ஒருசேரத் துள்ள வைத்தார். வேடிக்கைதான், ஆயினும் வீண் வேடிக்கையன்று. கால்வானியின் மேசையில் அறுபட்டுக் கிடந்த தவளையின் கால் துடித்தது, அருகிலிருந்த இத்தகைய இயந்திரம் பொறி விட்ட வேளையிலேயே. அத்துடிப்பைப் பற்றி எழுந்த வாதத்திலிருந்தே வோல்டாவின் மின்கல அடுக்கு 1800இல் பிறந்தது. தான் ஈன்ற குழந்தையே தன்னை மூலையில் அமர்த்திவிட்டதைக் கண்ட தாயின் நிலை, அதன்பின் இவ்வியந்திரத்திற்கு ஏற்பட்டது.

மூலையில் கிடந்ததை மீட்டவருள் தலையாயவர் ஒரு கப்பல் அதிகாரி. ஜேம்ஸ் விம்சர்ஸ்ட் 1832இல் லண்டனில் பிறந்தவர். திருகு உந்தியால் ஓடிய 'ஆர்க்கிமிடீஸ்' நீராவிக் கப்பலைக் கட்டியவரின் மைந்தர். பகலில் வணிகத் துறையின் கப்பல் ஆய்வாளர்; ஓய்வு நேரத்திலோ கிளாப்பம் இல்லத்துப் பட்டறையில் கண்ணாடித் தட்டுகளோடு உறவாடும் மனிதர். 1865இல் ஜெர்மானியரான ஹோல்ட்ஸ், டோப்ளர் என்போர் செய்த தூண்டல் இயந்திரங்களை ஆராய்ந்து, 1880களின் தொடக்கத்தில் தமக்கென ஒரு வடிவத்தைக் கண்டார். அரக்கு நெய் பூசிய இரு வட்டத் தட்டுகள் நெருங்கி நின்று எதிரெதிராகச் சுழலும். அவற்றின் மேல் ஒட்டிய உலோகத் தகட்டுத் துண்டுகள், ஒன்று மற்றொன்றில் மின்னூட்டத்தைத் தூண்டும். தேய்ப்பதற்கு எதுவும் வேண்டியதில்லை. தொடக்கத்தில் இருக்கும் சிறு துளி மின்னூட்டமே சுற்றுக்குச் சுற்று பெருகும். சீப்பு போன்ற முட்கள் அதைத் திரட்டிச் சாடிகளில் சேர்க்க, இரு குண்டுகளுக்கிடையே பொறி 'படார்' எனப் பாயும். உலர்ந்த காற்றில் ஒரு சென்டிமீட்டர் தாண்டவே ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும் என்றால், அந்தக் கைப்பிடியின் ஆற்றலை உணரலாம்.

இவ்வளவும் செய்தவர் காப்புரிமை கோரவில்லை. தம் கையாலேயே பல இயந்திரங்களைச் செய்து ஆய்வாளர்களுக்கு வழங்கினார். உரிமை கோரியிருப்பின் அவர் செல்வராகியிருக்கலாம். ஆனால் அக்கருவி பள்ளிகளிலும் ஆர்வலர் வீடுகளிலும் இத்துணை எளிதாகக் குடியேறியிருக்காது. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபோது உயரழுத்த மின்சாரம் தேவைப்பட்டது. மின்கலமின்றியே அதைத் தரவல்ல இவ்வியந்திரத்தை மருத்துவர் சிலரும் நாடினர். நெடுங்காலம் விளையாட்டுப் பொருள் எனப்பட்டது, உடைந்த எலும்பைப் பார்க்க உதவிற்று. ராயல் கழகம் 1898இல் விம்சர்ஸ்டைத் தன் உறுப்பினராக்கியது. 1903இல் அவர் மறைந்தார். மருத்துவமனைகளில் மின்மாற்றிகள் பெருகவே, இயந்திரமும் அங்கிருந்து விடைபெற்றது.

விடைபெற்றது மருத்துவமனையிலிருந்துதான், ஆர்வலரிடமிருந்து அன்று. பழைய இயந்திரங்களைத் தேடி வாங்குவோரும், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தட்டையோ பழைய குறுந்தட்டையோ கொண்டு புதிதாகச் செய்வோரும் இன்றும் உளர். அவர்கள் அஞ்சுவது இரண்டுக்கே: சாடியில் தங்கியிருந்து கையைச் சுண்டும் மின்னூட்டத்துக்கும், காற்றின் ஈரத்துக்கும். நம்முடையன போன்ற ஈர நாடுகளில் அடைமழை நாளில் கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் பொறி எளிதில் எழாது. தட்டுகளைத் துடைத்து, விளக்கின் வெப்பத்தில் சற்றே உலர்த்தி, மீண்டும் சுற்ற வேண்டும்.