நிறுத்திய வண்டிக்கு யார் காவல்?

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்பவர்கள், கேகாலையைக் கடந்து மாவனல்லையை நெருங்குகையில், வீதியைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்கும் ஒரு பாறைக் குன்றைக் காண்பார்கள். அதுதான் உதுவன்கந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்குன்றின் குகைகளில் ஒளிந்திருந்து, கீழே செல்லும் வண்டிகளைக் கொள்ளையிட்ட சரதியேலின் பெயரை அறியாதவர் இலங்கையில் அரிது. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று மக்கள் அவனைக் கொண்டாடுகிறார்கள். ஆங்கிலேயரின் ராபின் ஹூட்டுடன் அவனை ஒப்பிட்டு எழுதாதவர்களும் குறைவு.

ஆனால் அதே கதையை வண்டிக்காரனின் பக்கமிருந்து சொன்னவர்கள் குறைவு. வழியில் மாடு அவிழ்த்து வண்டியை நிறுத்தியவன் அந்த இரவை எப்படிக் கழித்தான்? பொருள் போனால் யாருக்கு நட்டம்? நிறுத்திய வண்டிக்கு யார் காவல்? மின்னணுப் பூட்டும் கைபேசியில் இடங்காட்டும் கருவியும் வந்துவிட்ட இந்நாளிலும் இக்கேள்வி பழசாகிவிடவில்லை. கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சபரகமுவ மண்ணில் வைத்தே இதற்கு விடை தேடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்த பின்னர், மலைநாட்டைத் தம் பிடியில் வைத்திருக்கப் பிரித்தானியருக்கு ஒரு வீதி தேவைப்பட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் ஆணைப்படி, பொறியியலாளர் கப்டன் டோசனின் மேற்பார்வையில், ராஜகாரிய முறையில் பிடித்துவரப்பட்ட கிராமத்தவரின் உழைப்பில் அந்த வீதி உருவானது. படையணிகளுக்காக வெட்டப்பட்ட அவ்வீதி வெகு விரைவிலேயே கோப்பியின் வீதியாயிற்று. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. மாவனல்லையில் மகா ஓயாவின் மேல் 1833இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கற் பாலம் இன்றும் போக்குவரத்தைத் தாங்கி நிற்கிறது.

மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் இறங்கின. துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டைகள் ஏறின. அந்த அரிசி தென்னிந்தியாவிலிருந்து வந்தது. அதை உண்டு கோப்பிக் காட்டில் உழைத்தவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களே. இரட்டை மாட்டு வண்டிகள் பல நாட்கள் நடந்தே மலையேற வேண்டியிருந்தது. இரவானால் அம்பலங்களின் அருகிலும் வண்டிப்பேட்டைகளிலும் மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தங்கினார்கள். ஓடும் வண்டியைக் காட்டிலும் நின்ற வண்டிக்கே ஆபத்து அதிகம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தனியே நிற்காமல் தொடராகச் செல்வதும், விளக்கு எரியும் இடத்தில் கூட்டமாக நிறுத்துவதும், ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருப்பதுமே அந்நாளைய பாதுகாப்பு ஏற்பாடு. தென்னோலையால் வேய்ந்த கூண்டு வண்டியில் பூட்டுக்கு இடம் ஏது?

வெளித்திருடன் மட்டுமே அச்சத்துக்குரியவன் அல்லன். மூட்டையிலிருந்து சிறிது கோப்பியை எடுத்துவிட்டு, நிறை குறையாதிருக்க மீதியை ஈரமாக்கி வைக்கும் தந்திரம் வண்டிக்காரர்களிடையே இருந்ததாகத் தோட்டத் துரைமார் ஓயாமல் முறையிட்டார்கள். முறையீடு துரைமாருடையது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. வழியில் எவன் எடுத்தாலும் கணக்குக் கேட்கப்பட்டவன் வண்டிக்காரனே. அரிசி மூட்டை குறைந்தாலோ, கடைசியில் அந்தக் குறையை உணர்ந்தவன் லயத்தில் அடுப்பு மூட்டக் காத்திருந்தவனாகவே இருந்திருப்பான்.

இன்னொன்றும் உண்டு. அக்காலத்து வண்டிக்கு இயந்திரம் மாடு. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் வண்டி வெறும் மரம். ஆகவே மாட்டின் தோலில் குறி சுட்டார்கள். உடையவனின் அடையாளமும் ஊரின் அடையாளமும் அதில் இருந்தன. மாட்டை விற்கவும் வேற்றிடத்துக்குக் கொண்டு செல்லவும் உரிமைச் சீட்டு வேண்டும் என்ற ஒழுங்கைப் பிரித்தானியர் சட்டமாக்கினார்கள். இன்றைய வாகன இலக்கத் தகட்டுக்கும், அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கத்துக்கும், பதிவுப் புத்தகத்துக்கும் மூதாதை அந்தச் சூட்டுக்குறியும் சீட்டுமே. திருடுவதைத் தடுக்க முடியாவிட்டாலும், திருடியதை விற்பதைக் கடினமாக்கலாம் என்ற அறிவு மோட்டார் வாகனத்துடன் பிறந்ததன்று.

இனிச் சரதியேலுக்கு வருவோம். அவனுடைய கூட்டத்தில் சிங்களவர் மட்டும் இருக்கவில்லை. அவனுடைய வலக்கை போன்றிருந்த மம்மலே மரிக்கார் ஒரு முஸ்லிம். அவர்களுக்கு வாய்த்த பெரும் பலம் அந்தக் குன்று. மேலிருந்து பார்த்தால் எந்த வண்டி வருகிறது, எது பின்தங்குகிறது, எது தனித்து நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். அடிவாரத்துக் கிராமங்களில் உணவும் தகவலும் ஒளிவிடமும் கிடைத்தன. ஊர் அவன் பக்கம் இருந்த வரையில் அரசாங்கம் அறிவித்த பரிசுத் தொகையால் அவனை நெருங்க முடியவில்லை. அவனுக்கு நெருங்கிய ஒருவனே காட்டிக்கொடுத்த பின்னர்தான் 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டில் அவன் சுற்றி வளைக்கப்பட்டான். அந்தத் துப்பாக்கிச் சண்டையில் துவான் சபான் என்ற மலாய் இனத்துக் கான்ஸ்டபிள் உயிரிழந்தார். கடமையின்போது உயிர்நீத்த பொலிஸாரை இலங்கை இன்றும் நினைவுகூரும் நாள் மார்ச் 21 என்பது அவர் பொருட்டே. சரதியேலும் மரிக்காரும் 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

கழுமரம் கொள்ளையை ஒழித்தது என்று பாடநூல்கள் முடித்துவிடும். உண்மை அத்தனை எளிதன்று. அதே 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதலாவது புகையிரதம் ஓடியது. 1867இல் தண்டவாளம் கண்டியை எட்டியது. 1865இல் புதிய பொலிஸ் சட்டம் இயற்றப்பட்டு, 1866இல் இந்தியாவின் ரத்னகிரியிலிருந்து அழைத்துவரப்பட்ட கெம்பலின் தலைமையில் பொலிஸ் படை சீரமைக்கப்பட்டது. கோப்பி மூட்டை வண்டிப்பேட்டையில் உறங்காமல் ஒரே பகலில் துறைமுகம் சேர்ந்தது. பொருள் வழியில் நிற்பது ஒழிந்தபோது வழிப்பறியும் தேய்ந்தது. திருடனைப் பிடித்தது எவ்வளவு முக்கியமோ, அவனுக்கு வாய்ப்பளித்த இருட்டு இரவுகளை இல்லாமற் செய்ததும் அவ்வளவு முக்கியம்.

கோப்பி நோயில் அழிந்தது. தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் பரவியது. துரைமாரின் குதிரை லாயங்கள் மோட்டார் கொட்டில்களாயின. இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் 1904ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

அந்நாளைய மோட்டார் வண்டிகளுக்குக் களவு பற்றிய கவலையே கிடையாது எனலாம். பல வண்டிகள் கதவுப் பூட்டின்றியே வந்தன. உலகெங்கும் ஓடிய போர்ட் மாடல் டி வண்டியின் சாவிகளில் இரண்டு டசின் அளவான வகைகளே இருந்தன. எண்ணைப் பார்த்து எவரும் வாங்கிக்கொள்ளலாம். எனினும் தோட்டத்தில் துரையின் வண்டி களவு போகவில்லை. காரணம் வண்டியில் இல்லை. ஓட்டத் தெரிந்தவர் சிலரே. வெளியேற வீதி ஒன்றே. வாசலில் இரவு முழுவதும் காவற்காரர் ஒருவர் நின்றார். கொளுந்துக்கும் காவல், இறப்பர் சீட்டுக்கும் காவல், துரையின் காருக்கும் காவல். எல்லாக் காவலுக்கும் ஆள் லயத்திலிருந்தே வந்தான். அவன் வீட்டுக் கதவுக்கோ ஒரு நாதாங்கி போதும் என்று கருதப்பட்டது.

பின்னாளில் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது பூட்டும் வளர்ந்தது. சுக்கானைப் பூட்டும் பொறி மேற்கு ஜேர்மனியில் 1961இலும் அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு வாகனங்களிலும் கட்டாயமாயிற்று. சாவியினுள் பொதிந்த மின்னணுச் சிப்பை வாகனத்தின் கணினி அடையாளம் காணாவிட்டால் இயந்திரம் உயிர்பெறாது என்ற ஏற்பாட்டை, ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. இமொபிலைசர் எனப்படும் இந்தக் கருவி வந்த நாடுகளில் கார்க் களவு பெருமளவு குறைந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத அமெரிக்காவில், அக்கருவி இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹூண்டாய் கார்களை 2021இன் பின்னர் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகத் திருடி ஓட்டினார்கள். கருவியின் அருமை அது இல்லாத இடத்தில் தெரிந்தது.

ஆனால் பூட்டு வளர வளரத் திருடனும் வளர்கிறான். சாவியைத் தொடாமலே கதவு திறக்கும் கார்களில், வீட்டினுள் கிடக்கும் சாவியின் சமிக்ஞையை வாசலில் நின்று பிடித்து, கார் வரை கடத்திச் சென்று திறந்துவிடுகிறார்கள். முன்விளக்குக் கம்பியின் ஊடாகவே வாகனத்தின் கணினியை ஏமாற்றியவர்களும் உண்டு. எனவே எந்தப் பூட்டும் திருடனுக்கு ஆகும் நேரத்தைக் கூட்டுகிறதே தவிர, அவனைத் திருப்பி அனுப்புவதில்லை. அந்த நேரத்துக்குள் அவனைக் கண்டு குரல் கொடுக்க அருகில் ஒருவர் வேண்டும்.

அருகில் இருப்பவரே கொள்ளையராக மாறிவிட்டால்? சபரகமுவத் தோட்ட மக்கள் இக்கேள்வியையும் சந்தித்தவர்கள். 1977 ஓகஸ்டிலும், மீண்டும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி, காவத்தை, பெல்மதுளை, றக்குவானைப் பகுதிகளில் கும்பல்கள் தோட்டங்களுக்குள் புகுந்தன. லயக் கதவுகள் உடைக்கப்பட்டன. அண்டாவும் தையல் இயந்திரமும் வானொலிப் பெட்டியும் காதணியும் கொள்ளை போயின. பின்னர் லயங்களுக்குத் தீயிட்டார்கள். உயிர் தப்பியவர்களுள் பலர் வவுனியா நோக்கியும் தமிழகம் நோக்கியும் போனார்கள். பல தலைமுறைகளாகத் துரையின் காருக்குக் காவல் நின்றவர்களின் வாசலில் அன்று காவலுக்கு ஒருவரும் நிற்கவில்லை. சட்டம் கைகட்டி நிற்கும் இரவில் எந்த உலோகத்தில் செய்த பூட்டும் பயன்படாது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆட்டோ வைத்திருக்கிறார்கள். 1977இன் பின்னர் திறந்துவிடப்பட்ட பொருளாதாரத்தில் நாட்டுக்குள் வந்த முச்சக்கர வண்டி, தோட்டத்து இளைஞனுக்கு மலையை விட்டு வெளியேறாமலே பிழைக்க ஒரு வழி காட்டியது. தவணைக் கடனில் வாங்கிய வண்டி அது. தவணை முடியும் வரை உரிமை நிதி நிறுவனத்துடையது. கவலை மட்டுமே ஓட்டுபவனுடையது. ஆட்டோவுக்குப் பூட்டக் கதவில்லை. எளிய மின்னிணைப்பு. மூன்று பேர் சேர்ந்தால் ஓசையின்றித் தள்ளிக்கொண்டே போய்விடலாம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வலியுறுத்தும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி, களவு போன வண்டிக்கு ஒரு சதமும் தராது. கடன் இருக்கும் வரை முழுக் காப்புறுதி இருக்கும். கடன் தீர்ந்ததும் செலவைக் குறைக்கவென்று அதைக் கைவிடுபவர்கள், வண்டி முற்றாகத் தமக்குச் சொந்தமான நாளிலேயே அதைப் பாதுகாப்பின்றி விடுகிறார்கள்.

களவுக்குச் சந்தையும் துணை செய்யும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டியும் அதன் உதிரிப்பாகமும் பொன்னாயின. முழு வண்டியைக் களவாடி விற்கப் பதிவுப் புத்தகம் தடை. கழற்றிய பக்கக் கண்ணாடிக்கும் மின்கலத்துக்கும் எந்தப் புத்தகமும் கிடையாது. மாட்டின் தோலில் இருந்த சூட்டுக்குறி அதன் இறைச்சியில் இல்லை அல்லவா? 2022இன் எரிபொருள் நெருக்கடியில் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வாகனங்களுக்குள்ளேயே உரிமையாளர்கள் உறங்கினார்கள். வண்டிப்பேட்டைக் காலம் திரும்பியது போன்ற காட்சி அது. அந்த ஏப்ரலில் கேகாலை மாவட்டத்தின் ரம்புக்கனையில், எரிபொருளுக்காகப் போராடிய மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மறைவான மின்தடை விசை ஒன்று, முன்சக்கரத்தைக் கட்டும் சங்கிலி ஒன்று, இயலுமானால் இடங்காட்டும் கருவி ஒன்று, கண்ணுக்குத் தெரியும்படி எதையும் உள்ளே விட்டுச் செல்லாத பழக்கம். இவற்றால் பெரும்பாலான களவுகளைத் தவிர்க்கலாம். ஆனால் லயத்து இளைஞனின் அடிப்படைச் சிக்கல் இவற்றால் தீராது. லயத்து வாசல் வரை வண்டி ஏறப் பாதை இல்லாத தோட்டங்கள் இன்றும் உள்ளன. அங்கெல்லாம் ஆட்டோ கீழே பிரதான வீதியோரத்தில், கடை வாசலிலோ கோவில் முன்றலிலோ இரவைக் கழிக்கிறது. பாதை இருந்தாலும், லயத்தருகே நான்கு தூண் நட்டு ஒரு கொட்டில் போடத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நிலம் அவனுடையதல்லவே. 2015இன் பின்னர் 7 பேர்ச் காணியுடன் தனி வீடு கிடைத்தவர்கள் வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். கிடைக்காதவர்களே மிகப் பலர்.

காணி உரிமையைப் பற்றிப் பேசும்போது நாம் குடியுரிமை, வாக்குரிமை, கௌரவம் என்று பெரிய சொற்களைப் பயன்படுத்துகிறோம். அவை வேண்டியவையே. அதே காணி, பாடுபட்டு வாங்கிய ஒரு வண்டியைச் சன்னலின் கீழே நிறுத்தி, அதன் நிழல் தெரியும்படி உறங்குவதற்கான உரிமையும் ஆகும். இருநூறு ஆண்டுகளாகப் பிறர் உடைமைக்குக் காவல் நின்ற ஒரு சமூகம், தன் உடைமையை வைத்துக் காக்க ஓர் இடம் கேட்கிறது. உதுவன்கந்தையின் அடியில் மாடு அவிழ்த்த வண்டிக்காரனுக்கு அந்த இடம் இருக்கவில்லை. இவனுக்காவது அது கிடைக்க வேண்டும்.