கற்பித்தல் முதுகலைப் பட்டம் (ஐக்கிய அமெரிக்கா)

கற்பித்தல் முதுகலைப் பட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில், ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியராக விரும்புவோர் பயிலும் பட்ட மேற்படிப்பு ஆகும். இது ஆங்கிலத்தில் மாஸ்டர் ஆப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங் என்றும், சுருக்கமாக எம்.ஏ.டி. என்றும் அழைக்கப்படுகிறது. பல பல்கலைக்கழகங்களில் இப்பட்டப் படிப்பும், மாநில அரசின் ஆசிரியர் உரிமத்திற்கான பயிற்சியும் ஒன்றாக இணைத்தே நடத்தப்படுகின்றன. முழுநேரமாகப் பயில்வோருக்குப் பொதுவாக ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகும்.

பட்டமும் உரிமமும்

ஒரே படிப்பின் முடிவில் கிடைத்தாலும் பட்டமும் உரிமமும் வெவ்வேறானவை. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். அது காலாவதி ஆவதில்லை. உரிமத்தை வழங்குவது மாநில அரசு. அதற்குக் காலவரம்பு உண்டு. ஒரு மாநிலத்தின் உரிமம் இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லுபடியாவதும் இல்லை. அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராகப் பணிபுரியத் தேவைப்படுவது உரிமமே. முதுகலைப் பட்டம் இல்லாமல் உரிமம் பெறலாம். உரிமத்திற்கு வழிசெய்யாத கல்வியியல் முதுகலைப் படிப்புகளும் உள்ளன. அவற்றில் சேர்ந்து, படித்து முடித்த பின்னரே வகுப்பறைக்குள் நுழைய முடியாது என்பதை அறிபவர்கள் உண்டு.

பட்டத்தின் பெயரை மட்டும் வைத்து இதைக் கண்டறிய இயலாது. எம்.எட். பட்டம் ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர்களுக்கு உரியது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. ஆனால் லாஸ் ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் உரிமத்துடன் இணைத்து வழங்குவது எம்.எட். பட்டமே. அதே பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் எம்.ஏ.டி. வழங்குகிறது, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் எம்.ஏ. வழங்குகிறது. எனவே, குறிப்பிட்ட படிப்பு எந்த உரிமத்திற்கு மாநில ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றுள்ளது என்பதே பார்க்கவேண்டியது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், ஆசிரியர்களை உருவாக்கும் பொறுப்பு யாருடையது என்ற பூசல் நிலவியது. கற்பிக்கும் முறைகளைச் சொல்லித்தரும் கல்வியியல் துறையினர் ஒருபுறமும், கணிதம், வரலாறு முதலிய பாடத் துறையினர் மறுபுறமும் நின்றனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வேதியியலாளர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், இரு தரப்பும் கூட்டாகப் பொறுப்பேற்கும் வகையில் 1936ஆம் ஆண்டு எம்.ஏ.டி. பட்டத்தைத் தொடங்கினார். 1950களில் போர்டு அறக்கட்டளையின் நிதியுதவியால் இத்தகைய ஐந்தாம் ஆண்டுப் படிப்புகள் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பரவின. ஸ்டான்போர்டின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் 1959இல் தோன்றியது.

கோனன்ட் 1963இல் வெளியிட்ட நூலில், பட்டத்தையோ கல்வியியல் பாடங்களின் எண்ணிக்கையையோ விட, கண்காணிப்பின்கீழ் வகுப்பெடுத்துப் பழகுவதே முதன்மையானது என்று வாதிட்டார். பட்டத்தைத் தோற்றுவித்தவரே இவ்வாறு எழுதியது குறிப்பிடத்தக்கது. எனினும் 1986இல் வெளிவந்த கார்னகி மன்றத்தின் அறிக்கையும், ஹோம்ஸ் குழுவின் அறிக்கையும் ஆசிரியப் பயிற்சியை இளங்கலைக்குப் பிந்திய நிலைக்கு உயர்த்தவேண்டும் என்று பரிந்துரைத்தன. 2009இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இப்பட்டத்தை இணையவழியிலும் வழங்கத் தொடங்கியது.

கலிபோர்னியாவில்

பட்டமும் உரிமமும் இணைந்த படிப்புகள் கலிபோர்னியாவில் மிகுதியாகக் காணப்படுவதற்குச் சட்டப் பின்னணி உண்டு. 1961ஆம் ஆண்டின் பிஷர் சட்டம், ஆசிரியராக விரும்புபவர் கல்வியியலில் அன்றி ஒரு பாடத்துறையில் பட்டம் பெற்றிருக்கவேண்டும் என்று விதித்தது. 1970ஆம் ஆண்டின் ரயன் சட்டம் ஆசிரியர் உரிமத்திற்கெனத் தனி ஆணையத்தை அமைத்தது. (இச்சட்டத்தைக் கொண்டுவந்த லியோ ரயன், 1978இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனுக்கு அருகே சுட்டுக்கொல்லப்பட்ட அதே அரசியல்வாதி ஆவார்.) இதனால் பயிற்சி பெரும்பாலும் நான்காண்டு இளங்கலைக்குப் பின் ஐந்தாம் ஆண்டில் வந்து அமைந்தது. பட்ட மேற்படிப்பு நிலையில் ஓராண்டு பயில்பவருக்கு, மேலும் சில பாடங்களையும் ஓர் ஆய்வுத் திட்டத்தையும் சேர்த்து முதுகலைப் பட்டமும் அளிப்பது பல்கலைக்கழகங்களுக்கு எளிதாயிற்று.

இப்படிப்பின் மையம் பள்ளியில் பெறும் களப்பயிற்சியே. கலிபோர்னியாவில் இது குறைந்தது 600 மணிநேரம் இருக்கவேண்டும். மாணவர் முதலில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் அமர்ந்து கவனிப்பார். பின்னர் ஓரிரு பாடவேளைகளை நடத்துவார். இறுதியில் முழு வகுப்பின் பொறுப்பையும் ஏற்பார். பகலில் பள்ளி, மாலையில் பல்கலைக்கழக வகுப்பு என்பது வழக்கமான நாள். இவற்றுடன், தாம் நடத்திய பாடத்தின் காணொளியையும் மாணவர்களின் விடைகளையும் பகுத்தாய்ந்து எழுதி மதிப்பீட்டிற்கு அனுப்பவேண்டும். அடிப்படைத் திறன்களைச் சோதிக்கும் சிபெஸ்ட் தேர்வு முன்பு தனியே எழுதப்பட்டது. 2024ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி இளங்கலைப் பட்டமே அதற்குப் போதுமானது.

முடிவில் கிடைப்பது ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகும் முதனிலை உரிமம் ஆகும். அதை முழு உரிமமாக மாற்றப் பணியிலிருந்தபடியே, வழக்கமாக இரண்டு ஆண்டுகள், அறிமுகப் பயிற்சி பெறவேண்டும். இதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயமில்லை. நியூயார்க் மாநிலத்தில் நிலை வேறு: அங்கு தொடக்கச் சான்றிதழ் பெற்றவர் அடுத்த நிலைச் சான்றிதழுக்கு முதுகலைப் பட்டம் பெற்றே ஆகவேண்டும். ஆகவே ஒரே பட்டம் ஒரு மாநிலத்தில் தேவையாகவும் இன்னொரு மாநிலத்தில் விருப்பமாகவும் அமைகிறது.

ஊதியமும் செலவும்

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில் ஆசிரியர் ஊதியம் ஓர் அட்டவணைப்படி வழங்கப்படுகிறது. வரிசைகள் பணியாண்டுகளையும், நிரல்கள் இளங்கலைக்குப் பின் பெற்ற கல்வியலகுகளையும் குறிக்கும். இம்முறையை 1921இல் டென்வரும் டி மாயினும் முதலில் ஏற்றன. அதற்குமுன் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெண் ஆசிரியர்களும் குறைந்த ஊதியமே பெற்றுவந்தனர். முதுகலைப் பட்டம் பல மாவட்டங்களில் உயர்ந்த நிரலில் சேர்க்கும். சிலவற்றில் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை மட்டுமே கூட்டும். உரிமப் பயிற்சியின் அலகுகளே நிரலை உயர்த்தும் மாவட்டத்தில் பட்டத்தால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவு. வட கரோலினா 2013இல் புதியவர்களுக்கு முதுகலைக்கான கூடுதல் ஊதியத்தை நீக்கியது.

முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் தேர்வுகளில் மேலான மதிப்பெண் பெறுகின்றனர் என்பதைப் பெரும்பாலான ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஊதிய உயர்வுக்கு எதிரான வாதம் இதிலிருந்தே எழுகிறது. ஆனால் இந்த ஆய்வுகள் பல, பணியிடைக்காலத்தில் பெற்ற எந்த முதுகலைப் பட்டத்தையும் ஒன்றாகவே எண்ணுகின்றன. ஓராண்டு களப்பயிற்சியுடன் பெற்ற பட்டத்தை அவற்றைக் கொண்டு எடைபோடுவது பொருத்தமன்று.

மாணவர்களுக்கு மிகப்பெரும் சுமை, களப்பயிற்சிக்குப் பொதுவாக ஊதியம் இல்லாமையே. கட்டணமும் செலுத்தி, வேறு வேலைக்கும் செல்ல முடியாமல் ஓராண்டைக் கழிக்கவேண்டும். 2003இல் பாஸ்டனில் தொடங்கப்பட்டதைப் போன்ற உறைவிட ஆசிரியர் திட்டங்கள் இக்காலத்தில் உதவித்தொகை அளிக்கின்றன. நடுவண் அரசின் டீச் கொடை ஆண்டுக்கு 4,000 டாலர் வரை வழங்கும். இதனைப் பெறுபவர் எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், வருமானம் குறைந்தோர் பயிலும் பள்ளியில், ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடத்தைக் கற்பிக்கவேண்டும். தவறினால் கொடை வட்டியுடன் கடனாக மாறும். நிபந்தனைப்படி கற்பித்துக்கொண்டிருந்த பலருக்கும், சான்றுப் படிவம் தாமதமானது போன்ற காரணங்களால் இவ்வாறு நேர்ந்தது. 2018 இறுதியில் கல்வித் துறை அவற்றை மறுஆய்வு செய்ய முன்வந்தது.

வெளிநாட்டுப் பட்டதாரிகள்

இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் பெற்றவர்கள் கலிபோர்னியாவில் உரிமம் பெற, ஆணையம் ஏற்றுக்கொண்ட நிறுவனம் ஒன்றின் மூலம் தமது மதிப்பெண் பட்டியல்களை மதிப்பீடு செய்விக்கவேண்டும். பி.எட். முடித்தவர்கள், வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கான வழியில் விண்ணப்பிக்கலாம். அம்மதிப்பீடு முடிவதற்குமுன் இணைந்த முதுகலைப் படிப்பில் சேர்பவர், ஏற்கெனவே பெற்ற பயிற்சிக்கு இரண்டாம் முறை பணம் செலுத்த நேரலாம்.