கள்வனைக் காட்டிக்கொடுக்கும் கம்பி



நாயும் நாதாங்கியும் மனிதனுடைய மிகப் பழைய காவல்கள். அவற்றோடு மின்சாரமும் காவலுக்கு வந்து இன்று 170 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வீட்டுக்குக் கள்வர் அபாயமணி வாங்குவோர் பெட்டியின் அழகையும் மணியின் ஓசையையும் விலையையும் பன்முறை விசாரிப்பர். பெட்டியைக் கதவோடும் யன்னலோடும் இணைக்கும் கம்பியைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே. ஆயினும் இந்தக் கருவியின் வரலாற்றை ஆராயுமிடத்து, அதன் பெரும்பகுதி கம்பியின் வரலாறாகவே இருத்தலைக் காணலாம்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சமர்வில் என்னும் ஊரிலே ஒகஸ்தஸ் ரசல் போப் என்ற சமயக் குரு ஒருவர் வாழ்ந்தார். அவர் 1853 ஆம் ஆண்டு யூன் 21 ஆந் திகதி மின் அபாயமணிக்கு ஆக்கவுரிமை பெற்றார். கதவோ யன்னலோ திறக்கப்பட்டால் மின்சுற்று மூடப்படும். பற்றறியிலிருந்து மின் ஓடும். மின்காந்தம் மணியை ஒலிக்கச் செய்யும். திறந்த கதவைக் கள்வன் உடனே சாத்தினாலும் மணி ஓயாது. 1857 இல் எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர் இவ்வுரிமையை விலைக்கு வாங்கி, முதலில் பொஸ்தன் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் இக்கருவியை விற்கத் தொடங்கினார்.

கருவி ஆயத்தமாயிற்று, அதற்குரிய கம்பி எங்கே என்பதே அடுத்த வினா. செப்புக் கம்பி மின்னை நன்கு கடத்தும். ஆனால் வெறுங்கம்பி ஈரச் சுவரிலோ மற்றொரு கம்பியிலோ பட்டால், மின் தன் வழியை விட்டு வேறு வழி செல்லும். ஆகவே கம்பிக்குக் காவலுறை வேண்டும். அக்காலத்துக்குச் சற்று முன்னர், யோசப் ஹென்றி முதலிய ஆய்வாளர் பட்டு நூலைக் கம்பியிற் சுற்றிப் பயன்படுத்தினர். பெண்களின் தொப்பிகளுக்கு வடிவங் கொடுப்பதற்கென நூல் சுற்றி விற்கப்பட்ட கம்பியைக் கடையில் வாங்கி மின்சோதனை செய்தோரும் உளர். இவை உலர்ந்த அறையிற் பயன்பட்டன, ஈரத்தைத் தாங்கவில்லை.

ஈரத்துக்கு மருந்து மலாயாக் காட்டிலிருந்து வந்தது. கட்டாப்பேர்ச்சா என்ற மரப்பாலின் மாதிரிகளை 1843 இல் வில்லியம் மொன்ற்கொமரி இலண்டனுக்கு அனுப்பினார். அது சிறந்த மின்காவலி என்பதை 1848 இல் மைக்கல் பரடே எடுத்துக்காட்டினார். 1850 இல் இப்பொருள் பூசிய கம்பி ஆங்கிலக் கால்வாயின் அடியில் இடப்பட்டது. மேற்காப்பு ஒன்றும் இல்லாத அந்தக் கம்பி ஒரு நாளைக்குள்ளேயே பழுதுற்றது. மறு ஆண்டு, 1851 இல், இரும்புக் கம்பிகளைக் கவசமாகச் சுற்றி இட்ட வடம் நிலைத்தது. மின் கசியாதபடி காக்கும் உறை ஒன்று, அடிபடாதபடி காக்கும் உறை மற்றொன்று என இரண்டும் வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்தது.

அடுத்து வந்தது றப்பர். 1876 இல் பிரேசில் நாட்டு விதையிலிருந்து வளர்த்த நாற்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து நம் நாட்டு ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட செய்தி பலருக்குத் தெரிந்ததே. கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்திய றப்பர் மின்கம்பிக்கு நல்ல உறையாயிற்று. ஆனால் அக்கந்தகம் செப்பை அரித்தது. அதனாலேயே செப்பின் மேல் வெள்ளீயம் பூசும் வழக்கம் பரவிற்று. றப்பரும் வெப்பத்தாலும் வயதாலும் வெடித்து உதிர்ந்தமையால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீ.வீ.சீ. என்னும் செயற்கைப் பொருள் அதன் இடத்தைப் பெற்றது.

உறை திருந்தியது, கள்வனும் திருந்தாதவனல்லன். போப்பின் முறையிலே கம்பியை முன்னதாக வெட்டிவிட்டால் மணி ஊமையாகிவிடும். இதற்கு மாற்றாக எழுந்தது மூடிய சுற்று முறை. இதில் மின் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டம் நின்றாலே மணி ஒலிக்கும். வெட்டுபவன் தன்னையே காட்டிக்கொடுப்பான். பின்னர் இரு கம்பிகளையும் ஒன்றாக இணைத்து ஏமாற்றும் தந்திரம் தோன்றவே, கம்பியின் முடிவில் அளவறிந்த தடையொன்று வைக்கப்பட்டது. வெட்டினாலும் இணைத்தாலும் அத்தடையின் அளவு மாறும்; பெட்டி அறிந்துகொள்ளும்.

இதே கம்பிகள் வேறொரு புதுமைக்கும் வழி செய்தன. ஹோம்ஸ் நிறுவனம் பொஸ்தன் வங்கிகளையும் கடைகளையும் தன் நிலையத்தோடு கம்பிகளால் இணைத்திருந்தது. இரவிற் காவல் புரிந்த அக்கம்பிகள் பகலில் வேலையற்றுக் கிடந்தன. 1877 மே மாதத்தில், கிரகாம் பெல்லின் தொலைபேசியை அவற்றிற் பொருத்திப் பகலிற் பேசவும் இரவிற் காக்கவும் செய்தனர். தொலைபேசி இணைப்பு நிலையங்களின் தொடக்கங்களுள் இது ஒன்றாகும்.

இவ்வரலாற்றை அறிந்தவர் இன்று வடம் தெரிவு செய்வது எளிது. 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகளைத் திரித்த ஆறு கம்பிகள் கொண்ட வடமே வீட்டு அபாயமணிக்குப் பெரிதும் வழங்குவது. இரண்டு மின் ஊட்டுதற்கு. இரண்டு கதவின் செய்தியைக் கொணர்தற்கு. எஞ்சிய இரண்டும் பெட்டியைத் திறந்தாலோ வடத்தை வெட்டினாலோ அறிவித்தற்கு. விலை மலிவு என்று நான்கு கம்பி வடத்தை வாங்குவோர் இந்தக் கடைசிக் காவலையே இழக்க நேரும். ஒற்றை இழைக் கம்பி வளைத்து வளைத்து ஒடியும்; பல இழைக் கம்பி வளைந்து கொடுக்கும்.

தூரத்தையும் கணக்கிடல் வேண்டும். மேற்கூறிய கம்பி 100 மீற்றருக்கு ஏறக்குறைய 8 ஓம் தடையுடையது. 30 மீற்றர் தொலைவிலுள்ள ஒலிப்பானுக்குப் போக்கும் வரவுமாக 60 மீற்றர் கம்பி, தடை 4.8 ஓம். ஒலிப்பான் அரை அம்பியர் இழுத்தால் 2.4 வோல்ற்று வழியிலேயே தொலையும். 12 வோல்ற்றில் 9.6 மட்டுமே மிஞ்சும்; மணி நலிந்து ஒலிக்கும். அங்கே தடித்த கம்பி வேண்டும், அல்லது இரு கம்பிகளை ஒன்றாக்கல் வேண்டும். கதவில் உள்ள சிறு தொடுகைகளுக்கு இக்கவலை இல்லை.

வீட்டு மின்கம்பியோடு இவ்வடத்தை ஒரே குழாயிற் செலுத்துதல் ஆகாது. அது பொய்மணிக்கும் ஆபத்துக்கும் இடமாகும். பீ.வீ.சீ. எரியும்போது நச்சுப் புகை எழும் ஆதலால், பலர் கூடும் இடங்களுக்குப் புகை குறைந்த உறையுள்ள வடங்களே தக்கவை.

நள்ளிரவில் அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியை அயலார் சில வாரங்களிற் பொருட்படுத்தாது விடுவர். உண்மைக் கள்வன் வரும்போதும் எவரும் எழமாட்டார். ஆதலால் வடத்தைச் சுவருக்குள் மறைத்துப் பூசுமுன், ஒவ்வொரு கம்பியையும் சோதித்து, அதன் போக்கை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பூசிய சுவரைப் பின்னர் உடைப்பதிலும் இப்பொழுது ஒரு மணி நேரம் செலவிடுவது மேலானது.